ரொறன்ரோத் துறையில் ஒரு பாய்ப்படகு: கயிறு கட்டுவதும் கரை இறங்குவதும்



இம்மாத உரைக்கு நான் எடுத்துக்கொண்ட விடயம் உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு, முதியோர் நலன் என்று பேசிவந்த இடத்தில் பாய்ப்படகுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு குயீன்ஸ் கீ ஏரிக்கரையில் நடக்கப் போயிருந்தேன். தூரத்து ஊரிலிருந்து வந்த ஒரு பாய்ப்படகு அப்போதுதான் கரையணைந்துகொண்டிருந்தது. கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் முன்னும் பின்னும் கயிறு கட்டிவிட்டு, வேலை முடிந்தது போல நிமிர்ந்தார்கள். அம்மா சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னார்: "இன்னும் ரெண்டு கயிறு வேணும். இல்லாட்டி இரவைக்கு முன்னுக்கும் பின்னுக்கும் இழுபட்டு அடிபடும்."

சொல்லி வாய் மூடவில்லை, அந்தப் பெண்மணி மேலும் இரண்டு கயிறுகளை எடுத்துவந்து குறுக்காகக் கட்டினார்.

அம்மா மயிலிட்டியில் பிறந்தவர். 1990 இல் அந்த ஊரை விட்டு வெளியேறி, பின்னர் ஓர் இரவு என்னையும் தூக்கிக்கொண்டு கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்தவர். கனடா வந்து இத்தனை வருடமாகியும் ரொறன்ரோத் தீவுக்குப் போகும் பயணிகள் படகில் அவர் கால் வைத்ததில்லை. "தண்ணியைப் பாத்தது போதும்" என்பார். ஆனால் கயிற்று வேலையை அவருடைய கண் மறக்கவில்லை. அன்று வீடு திரும்பும்போதுதான் இந்த உரையைத் தயாரிக்கவேண்டும் என்று நினைத்தேன்.

படகும் நாமும்

எங்கள் மக்களுக்குப் படகு என்றால் இரண்டு வகையான நினைவுகள் வரும். ஒன்று தொழிலும் பெருமையும். மற்றையது பயம்.

பெருமையை முதலில் சொல்வோம். 1930 இல் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலைப் பற்றி உங்கள் வீட்டு முதியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வேப்பமரத்தால் எங்கள் மேத்திரிமார் கட்டிய, ஏறக்குறைய 90 அடி நீளமான கப்பல் அது. சிறிய பாய்ப்படகொன்றில் உலகைச் சுற்றிவந்தவரான வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் அதனை விரும்பி வாங்கினார். தம் மனைவியின் பெயரைச் சேர்த்து 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று புதுப்பெயர் இட்டார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் செலுத்தி, சூயஸ் கால்வாய், மத்திய தரைக்கடல், அத்திலாந்திக் சமுத்திரம் ஆகியவற்றைத் தாண்டி 1938 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள குளொஸ்ரர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தனர். வட அமெரிக்கத் துறையொன்றில் எம்மவர் கையால் கயிறு கட்டப்பட்டு இன்றைக்கு 80 வருடங்களுக்கு மேலாகிவிட்டது என்பது இதன் பொருள்.

பயத்துக்கும் காரணங்கள் உண்டு. 1985 மே 15 இல் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் நடந்த படுகொலையை எவரும் மறக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் குடாநாட்டுக்கான தரைப்பாதைகள் அடைபட்டபோது கிளாலிப் பாதை எத்தனை உயிர்களை விழுங்கியது என்பதும் தெரியும். 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை உள்ளூர் மீனவர்கள் காப்பாற்றினார்கள். 2010 ஆகஸ்டில் 'சன் சீ' கப்பலில் 492 பேர் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்துசேர்ந்தார்கள். எங்களில் பலருக்குப் படகு என்பது தப்பி ஓடும் வழியாகவே இருந்திருக்கிறது.

இங்கு பிறந்த பிள்ளைகளுக்கோ படகு என்பது விளையாட்டு. நண்பர்கள் அழைத்தால் போய்விடுவார்கள். நாம் "தண்ணிப் பக்கம் போகாதே" என்று மட்டும் சொல்லி வளர்த்தால், அவர்கள் நீரைப் பற்றி ஒன்றும் அறியாமலே அங்கு போய் நிற்பார்கள். இந்த உரையின் நோக்கம் இங்கேதான் இருக்கிறது. ஏரிக்கரையில் என்ன நடக்கிறது என்பதை நாமும் தெரிந்துகொண்டால், பிள்ளைகளுக்குச் சரியானதைச் சொல்லலாம்.

கடல் இல்லாத ஊருக்குக் கப்பல் வருவது எப்படி?

ஒன்ராறியோ ஏரியின் பரப்பளவு ஏறக்குறைய 19,000 சதுர கிலோமீற்றர். அதிகூடிய ஆழம் 244 மீற்றர். கடல் மட்டத்திலிருந்து 75 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அப்படியானால் கடலில் ஓடும் படகு இவ்வளவு உயரத்துக்கு எப்படி ஏறிவரும்?

விடை, நீர்ப்படிகள். ஆங்கிலத்தில் லொக் என்பார்கள். படகு ஒரு பெரிய தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவு மூடப்படும். மேலேயிருந்து நீர் விடப்படும். நீர் உயர உயரப் படகும் உயரும். முன்கதவு திறந்ததும் மேல்மட்டத்து நீரில் படகு வெளியேறும். கிணற்றில் நீர் ஊற ஊற அதில் மிதக்கும் வாளி உயர்வது போன்றதுதான்.

கடலிலிருந்து ரொறன்ரோவுக்கு இரண்டு முக்கிய வழிகள் உண்டு. முதலாவது, 1959 இல் திறக்கப்பட்ட சென் லோறன்ஸ் கடல்வழி. மொன்றியலுக்கும் ஒன்ராறியோ ஏரிக்கும் இடையில் 7 நீர்ப்படிகள் இருக்கின்றன. பெரிய சரக்குக் கப்பல்களும் இவ்வழியேதான் வருகின்றன. குயீன்ஸ் கீயிலுள்ள ரெட்பாத் சீனி ஆலைக்கு முன்னால் நிற்கும் கப்பலைப் பார்த்திருப்பீர்கள். நாம் தேநீருக்குப் போடும் சீனியின் மூலப்பொருள் அப்படித்தான் வருகிறது. உல்லாசப் படகுகளும் இக்கடல்வழியைப் பயன்படுத்தலாம். ஆனால் குறைந்தது 6 மீற்றர் நீளம் இருக்கவேண்டும்.

இரண்டாவது வழி நியூயோர்க்கிலிருந்து. ஹட்சன் ஆற்றில் வடக்கே வந்து, ஈரி கால்வாயிலும் பின்னர் ஒஸ்வீகோ கால்வாயிலும் திரும்பி, ஒஸ்வீகோ நகரில் ஒன்ராறியோ ஏரிக்குள் இறங்குவார்கள். இவ்வழியில் பாலங்கள் தாழ்வானவை. ஆகவே பாய்மரத்தைக் கழற்றிப் படகின் மேல் படுக்கவைத்துக்கொண்டு இயந்திரத்தில் வருவார்கள். ஏரிக்கு வந்தபின் மறுபடி மரத்தை நிறுத்துவார்கள்.

மேற்கிலுள்ள ஈரி ஏரியிலிருந்து வருவோர் வெலன்ட் கால்வாயின் 8 நீர்ப்படிகள் வழியாக ஏறக்குறைய 100 மீற்றர் கீழே இறங்குகிறார்கள். நயாகரா நீர்வீழ்ச்சியைச் சுற்றிப் போகும் படிக்கட்டு அது என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

படகுத்துறையில் நடப்பது

மெரீனா என்றதும் எங்களில் பலருக்குச் சென்னைக் கடற்கரைதான் நினைவுக்கு வரும். இங்கு அச்சொல் படகுகள் கட்டிவைக்கும் துறையைக் குறிக்கும். கார் தரிப்பிடம் போன்றதென்று வைத்துக்கொள்ளுங்கள். நீரின் மேல் நீண்ட மரநடைபாதை ஒன்று போகும். அதிலிருந்து கைவிரல்கள் போலச் சிறு நடைபாதைகள் பிரியும். இரண்டு விரல்களுக்கு இடையில் படகு நிற்கும்.

வரும் படகு முதலில் வீ.எச்.எவ். வானொலியில் துறையை அழைக்கும். கனடாவில் ஏரிக்கரைத் துறைகள் பொதுவாக 68 ஆம் அலைவரிசையில் பதில் சொல்லும். 16 ஆம் அலைவரிசை ஆபத்து அழைப்புக்கும் முதல் அழைப்புக்கும் உரியது. அங்கு வீண்பேச்சுக்கு இடமில்லை. படகின் நீளம், அகலம், நீருக்குள் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பனவற்றைச் சொன்னால், துறைக்காரர் இடத்தின் இலக்கத்தைத் தருவார்கள். கட்டணம் பெரும்பாலும் படகின் நீளத்துக்கு, அடிக் கணக்கில், ஓர் இரவுக்கு இவ்வளவு என்று அறவிடப்படும்.

அடுத்தது கரையணைவது. படகுக்குக் காரைப் போல பிரேக் கிடையாது. ஆகவே மிக மெதுவாக, இயலுமானால் காற்றுக்கு முகம் கொடுத்தபடி வருவார்கள். காற்று எதிரே இருந்தால் அதுவே படகை நிறுத்த உதவும். படகின் பக்கங்களில் காற்றடைத்த உருளைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். துறையோடு உரசாமல் காப்பது அவற்றின் வேலை. எங்களூரில் பழைய ரயரைத் தொங்கவிடுவது இதற்காகத்தான்.

பிறகு கயிறுகள். முன்கயிறும் பின்கயிறும் படகைத் துறையோடு சேர்த்து வைத்திருக்கும். ஆனால் அலை வந்தால் படகு முன்னும் பின்னும் ஓடும். அதைத் தடுக்க இன்னும் இரண்டு கயிறு வேண்டும். படகின் முன்பகுதியிலிருந்து துறையின் பின்பக்கமாக ஒன்று, பின்பகுதியிலிருந்து முன்பக்கமாக மற்றொன்று, குறுக்காகப் போகும். அம்மா கேட்ட இரண்டு கயிறுகள் இவைதான். ஒன்ராறியோ ஏரியில் எங்கள் கடலைப் போல வற்றுப்பெருக்கு இல்லை. அதனால் இரவில் நீர் ஏறி இறங்கும் என்று கயிற்றை அதிகம் தளர்த்திக் கட்டத் தேவையில்லை. ஆனால் பருவத்தோடு நீர்மட்டம் மாறும். கோடைத் தொடக்கத்தில் கூடியும் மாரித் தொடக்கத்தில் குறைந்தும் இருக்கும். 2017 இல் நீர்மட்டம் அளவுகடந்து உயர்ந்து தீவுப் பூங்காவையே மூடவேண்டி வந்தது. ஜூலை 31 இல்தான் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

இங்கு ஒரு எச்சரிக்கை. நண்பரின் படகில் போனால், கரையணையும்போது துறைக்குப் பாய வேண்டாம். படகுக்கும் துறைக்கும் இடையில் கையையோ காலையோ கொடுத்துத் தள்ளவும் வேண்டாம். சிறிய படகுகூடச் சில தொன் எடை இருக்கும். எலும்பு தாங்காது.

கட்டி முடிந்ததும் மின்சாரக் கம்பியைத் துறையில் பொருத்துவார்கள். குடிநீர் பிடிப்பார்கள். குளியலறை, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் கரையில் இருக்கும். கழிப்பறைக் கழிவைப் படகிலுள்ள தொட்டியில்தான் சேர்க்கவேண்டும். துறையிலுள்ள இயந்திரத்தால் அதனை உறிஞ்சி எடுப்பார்கள். ஏரிக்குள் விடுவது சட்டவிரோதம். நாம் குடிக்கும் நீரும் அதே ஏரியிலிருந்துதான் வருகிறது என்பதை நினைத்தால் காரணம் விளங்கும்.

வெளிநாட்டிலிருந்து வந்த படகானால் முதல் வேலை எல்லை அறிவித்தல். படகின் தலைவர் அதற்கென ஒதுக்கப்பட்ட துறையொன்றிலிருந்து கனடிய எல்லைச் சேவைகள் முகவரகத்தைத் தொலைபேசியில் அழைக்கவேண்டும். அனுமதி கிடைக்கும்வரை ஏனையோர் படகைவிட்டு இறங்கக்கூடாது. அது கோடீஸ்வரரின் படகானாலும் சட்டம் ஒன்றுதான்.

ரொறன்ரோவில் எங்கே கட்டலாம்?

நகருக்கு முன்னால் தீவுகள் வேலி போல் நிற்பதால் உள்துறைமுகம் அமைதியானது. இந்தத் தீவுகள் ஒருகாலத்தில் கரையோடு ஒட்டிய மணல்முனையாக இருந்தன. 1858 ஏப்ரலில் வீசிய புயல் கிழக்குப் பக்கத்தில் அதனை வெட்டித் தீவாக்கிவிட்டது. இன்று கிழக்கு வாய், மேற்கு வாய் என இரண்டு நுழைவுகள் உண்டு. மேற்கு வாயின் அருகே பிலி பிஷப் விமான நிலையம் இருக்கிறது. விமானங்கள் தாழப் பறக்கும் இடத்தில் உயர்ந்த பாய்மரங்கள் போகாதிருக்க, மிதவைகளால் தடைப்பகுதி குறிக்கப்பட்டிருக்கும்.

நகர மத்தியில் தங்க விரும்புவோர் குயீன்ஸ் கீ ஓரத்துத் துறைகளில் கட்டுவார்கள். இறங்கியதும் ஸ்ரீட்கார் கிடைக்கும். அமைதி விரும்புவோர் தீவிலுள்ள துறைக்குப் போவார்கள். லெஸ்லி வீதியின் தெற்கே, 600க்கும் மேற்பட்ட படகுகள் நிற்கக்கூடிய வெளித்துறைமுக மெரீனா இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு மிக அருகிலுள்ளது ஸ்காபரோவில் பிரிம்லி வீதி தெற்கே முடியும் இடத்திலுள்ள புளவர்ஸ் பார்க். அங்கு படகுகளோடு மிதக்கும் வீடுகளும் உண்டு. மாரியிலும் அவற்றில் மக்கள் குடியிருக்கிறார்கள்.

மற்றைய படகுகள் பெரும்பாலும் ஒக்ரோபரில் பாரந்தூக்கியால் கரைக்கு ஏற்றப்பட்டு, வெள்ளைப் பொலித்தீன் போர்த்தி, மே மாதம்வரை நிறுத்திவைக்கப்படும். எங்களூரிலும் தொழிலில்லாத காலத்தில் வள்ளத்தைக் கரையேற்றிக் கிடுகால் மூடுவதுண்டு அல்லவா?

கரையிறங்கினால் பார்ப்பதற்கு

வந்தவர்கள் கரையிறங்கி என்ன பார்க்கிறார்கள் என்று கவனித்தால், இந்நகரில் வருடக்கணக்காக வாழும் நாம் பார்க்காதவை பல இருப்பது தெரியும்.

பதேஸ்ட் வீதி ஏரியைத் தொடும் இடத்தில் 2007 இல் அயர்லாந்துப் பூங்கா என்ற சிறிய நினைவிடம் திறக்கப்பட்டது. 1847 இல் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பி, 38,000க்கும் அதிகமான ஐரிஷ் மக்கள் ஒரே கோடையில் படகுகளில் இத்துறைமுகத்துக்கு வந்தார்கள். அப்போது ரொறன்ரோவின் சனத்தொகை ஏறக்குறைய 20,000 மட்டுமே. வந்தவர்களில் 1,100க்கும் மேற்பட்டோர் காய்ச்சலால் இறந்தார்கள். அவர்களில் அறியப்பட்டவர்களின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. ஒட்டிய வயிறும் குழிவிழுந்த கண்ணுமாக நிற்கும் வெண்கல உருவங்களைச் செய்த அதே சிற்பி, டப்ளின் நகரில் புறப்படும் மக்களையும் வடித்திருக்கிறார். ரொறன்ரோவில் நிற்பவர்கள் வந்துசேர்ந்தவர்கள். தங்களைவிட இருமடங்கு அகதிகளை ஏற்ற ஊர் இது. அகதிகளாக வந்த எங்களுக்கு அந்த உருவங்களைப் பார்க்க விளக்கக் கையேடு தேவையில்லை.

அங்கிருந்து கிழக்கே நடந்தால் ஹாபர்புரன்ற். கோடையில் இலவச இசை நிகழ்ச்சிகள் நடக்கும் இடம். இன்னும் சற்றுக் கிழக்கே போய் வடக்கே திரும்பினால் சென் லோறன்ஸ் சந்தை. 1803 இலிருந்து அப்பகுதியில் சந்தை கூடுகிறது. படகில் வந்தவர்கள் மீனும் மரக்கறியும் வாங்குவது அங்குதான்.

தீவுக்குப் போனால் ஜிப்ரால்டர் முனையில் 1808 இல் கட்டப்பட்ட வெளிச்சவீடு நிற்கிறது. வட அமெரிக்கப் பேரேரிகளில் எஞ்சியிருக்கும் வெளிச்சவீடுகளில் மிகப் பழையது. ஒருகாலத்தில் ஏரியோரம் நின்ற அது, மணல் சேர்ந்து சேர்ந்து இன்று நீரிலிருந்து தள்ளி மரங்களுக்கிடையில் நிற்கிறது. பருத்தித்துறை வெளிச்சவீட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டவேண்டிய இடம்.

புளவர்ஸ் பார்க்கில் இறங்குவோர் முதலில் அண்ணாந்து பார்ப்பது 90 மீற்றர்வரை உயர்ந்த வெண்மண் செங்குத்துக் கரையை. 1793 இல் ஆளுநரின் மனைவி எலிசபெத் சிம்கோ, இங்கிலாந்திலுள்ள ஸ்காபரோவின் குன்றுகளை நினைவூட்டுவதாகச் சொன்னதால்தான் எங்கள் பகுதிக்கு இந்தப் பெயர் வந்தது. விளிம்பில் நின்று படம் எடுக்கவேண்டாம். அந்த மண் சரியும். கோடையில் வார இறுதிகளிலும் விடுமுறை நாட்களிலும் கென்னடி நிலையத்திலிருந்து அங்கு ரி.ரி.சி. பஸ் ஓடுவதுண்டு. புறப்படுமுன் அந்த வருட நேர அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாமும் நீரில் இறங்குவதானால்

படகு சொந்தமாக இருக்கவேண்டியதில்லை. பே வீதியின் கீழ் முனையிலுள்ள ஜக் லேற்றன் துறையிலிருந்து தீவுக்குப் பயணிகள் படகு போகிறது. பாய்ப்படகு ஓட்டக் கற்பிக்கும் பாடசாலைகளும் கழகங்களும் ஏரிக்கரை முழுவதும் உண்டு. வாரநாள் மாலைகளில் போட்டி நடத்தும் கழகங்களில், கயிறு இழுக்க ஆள் போதாமல் புதியவர்களைச் சேர்த்துக்கொள்ளும் படகுகளும் உண்டு. காசு அல்ல, ஒழுங்காக வருவதுதான் அங்கு முக்கியம். பிள்ளைகளுக்கு நல்ல வாய்ப்பு.

ஆனால் சட்டங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். 2009 செப்ரெம்பர் 15 இலிருந்து, இயந்திரம் பூட்டிய உல்லாசப் படகை ஓட்டும் எவரும், இயந்திரம் எவ்வளவு சிறியதானாலும், படகோட்டும் தகைமை அட்டை வைத்திருக்கவேண்டும். ஒருமுறை பரீட்சை எழுதினால் ஆயுள்முழுதும் செல்லும். நீர் ஸ்கூட்டரை 16 வயதுக்குட்பட்டோர் ஓட்டவே கூடாது. படகிலுள்ள ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி ஒன்று இருக்கவேண்டும். இருக்கையின் கீழ் வைத்திருந்தால் சட்டத்துக்குப் போதும். உயிருக்குப் போதாது. விழுந்தபின் அதை அணிவது, விபத்து நடக்கும்போது கார்ப் பட்டியைத் தேடுவது போன்றது. ஆகவே ஏறுமுன் அணியுங்கள்.

மதுவைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒன்ராறியோவில் நிரந்தரமான படுக்கை, சமையல் வசதி, கழிப்பறை மூன்றும் உள்ள படகில், அதுவும் நங்கூரமிட்டோ துறையில் கட்டியோ நிற்கும்போது மட்டுமே மது அருந்தலாம். ஓடும் படகில் கூடாது. குடித்துவிட்டுப் படகோட்டினால் கார் ஓட்டும் அனுமதிப்பத்திரமும் பறிபோகலாம்.

எங்கள் சமூகத்துக்கு மேலும் ஒன்று. கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான எல்லை இந்த ஏரியின் நடுவே போகிறது. தண்ணீரில் வேலி தெரியாது. நண்பர்கள் மறுகரைக்குப் போவோம் என்றால், உங்கள் கையிலுள்ள பத்திரம் என்ன என்பதை முதலில் யோசியுங்கள். அமெரிக்கத் துறையில் கயிறு கட்டியவுடன் நீங்கள் அந்நாட்டுக்குள் நுழைந்தவர் ஆகிறீர்கள். கனடியக் குடியுரிமை இன்னும் கிடைக்காதவர்கள், அகதிப் பயணப் பத்திரம் வைத்திருப்பவர்கள், கோரிக்கை முடிவுக்குக் காத்திருப்பவர்கள் ஆகியோர் சட்ட ஆலோசகரிடம் கேட்காமல் அப்பயணத்தில் சேரவேண்டாம். ஒருநாள் உல்லாசம் பல வருடக் காத்திருப்பைக் குலைத்துவிடலாம்.

குளிர்நீரும் கச்சான் காற்றும்

எங்களூரில் நீச்சல் தெரிந்தவர்கூட இங்கு ஏமாறுவது குளிர்நீரிடம். மே மாதம் வெயில் சுள்ளென்று அடிக்கும். ஏரிநீரோ பனிக்கட்டி உருகிய குளிர்ச்சியில் இருக்கும். நடுக்கோடையிலும் ஒரு விந்தை நடக்கும். கச்சான் காற்று, அதாவது மேற்குக் காற்று (பிள்ளைகள் கச்சான் என்றால் கடலையைத்தான் நினைப்பார்கள்), சில நாட்கள் தொடர்ந்து வீசினால், பூமியின் சுழற்சி காரணமாக மேல்நீர் காற்றின் வலப்பக்கமாக, தெற்கு நோக்கித் தள்ளப்படும். வட கரையான எங்கள் பக்கத்தில் அந்த இடத்தை நிரப்ப அடியிலுள்ள குளிர்நீர் மேலே எழும். நேற்று 20 பாகையில் குளித்த இடத்தில் இன்று 10 பாகைக்கும் குறைவாக இருக்கலாம்.

குளிர்நீரில் விழுந்தவருக்கு 1, 10, 1 என்ற கணக்கைச் சொல்லிக்கொடுப்பார்கள். முதல் 1 நிமிடம் மூச்சு வாங்கித் திணறும். அப்போது நீந்த முயலாமல் மிதந்து மூச்சை அடக்கவேண்டும். அடுத்த 10 நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும். அதற்குள் படகைப் பிடிக்கவோ ஏறவோ பார்க்கவேண்டும். அதன்பின் உடற்சூடு குறைந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணிநேரம் ஆகும். உயிர்காப்பு அங்கி அணிந்தவருக்குத்தான் அந்த 1 மணிநேரம் கிடைக்கும். அணியாதவர் முதல் நிமிடத்திலேயே போய்விடக்கூடும்.

கனடிய உயிர்காப்புச் சங்கம், எதிர்பாராமல் நீரில் விழுந்தவர் தப்பிப் பிழைக்கத் தேவையான திறன்கள் மூன்று என்கிறது. ஆழநீரில் உருண்டு விழுந்து மேலே வருதல், 1 நிமிடம் நின்ற இடத்தில் மிதத்தல், 50 மீற்றர் நீந்துதல். இவ்வளவுதான். பதக்கம் வாங்கத் தேவையில்லை. மாநகரசபையின் சமூக நிலையங்களில் நீச்சல் வகுப்புகள் நடக்கின்றன. சில நிலையங்களில் இலவசம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மாநகரசபையின் கட்டண உதவித் திட்டமும் உண்டு. பெண்களுக்கு மட்டுமான நேரங்களும் சில தடாகங்களில் உண்டு. கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளோடு பெற்றோரும் சேரலாம். ஆபத்தென்றால் கரையிலிருந்து 911 ஐ அழைக்கலாம். படகிலிருந்தால் 16 ஆம் அலைவரிசை.

முடிக்குமுன்

அன்று ஏரிக்கரையில் அந்தப் பெண்மணி அம்மா பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு கையசைத்தார். கயிற்றைச் சுட்டிக்காட்டி, சரியா என்று தலையால் கேட்டார். அம்மா ஒரு முடிச்சைக் காட்டி, இன்னொரு சுற்றுப் போடும்படி விரலைச் சுழற்றினார். அவரும் போட்டார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. வேலை தெரிந்தவர்களுக்கு அது தடையாக இருக்கவில்லை.

மயிலிட்டித் துறைமுகம் 27 வருடங்களின் பின் 2017 ஜூலையில் மக்களிடம் திரும்பக் கொடுக்கப்பட்டது. அம்மா அதைப் போய்ப் பார்ப்பாரோ தெரியாது. வரும் கோடையில் தீவுக்குப் போவோமா என்று கேட்டேன். உடனே மறுக்கவில்லை. "காத்து எந்தப் பக்கம் எண்டு பாத்திட்டுச் சொல்லுறன்" என்றார்.

உங்கள் வீட்டிலும் இப்படியொருவர் இருப்பார். வள்ளம் வலித்தவரோ, வலை பொத்தியவரோ, வெறுமனே கடலோரம் வளர்ந்தவரோ. இந்தக் கோடையில் அவரை ஏரிக்கரைக்கு அழைத்துப் போங்கள். வற்புறுத்த வேண்டாம். ஒரு வாங்கில் இருத்தி, படகு கட்டுவதைப் பார்க்கவிடுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்துங்கள். காற்றையும் கயிற்றையும் பற்றி அவர் சொல்வதைப் பிள்ளைகள் கேட்கட்டும். நீச்சலையும் சட்டத்தையும் பற்றிப் பிள்ளைகள் சொல்வதை அவர் கேட்கட்டும்.

மீண்டும் அடுத்த மாத உரையில் சந்திப்போம்.